பரணில் கிடக்கும் மடிக்கணினி

2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் விலையில்லா மடிக்கணினிகள் வள்ளியூர் வட்டாரத்திலும் பல வீட்டுப் பரண்களில் தூங்குகின்றன. பேட்டரி செத்திருக்கும், ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சாகாது. அதைக் கழற்றி யுஎஸ்பி உறைக்குள் போட்டால் கல்யாண வீடியோக்களுக்கு ஒரு பெட்டகம். மேசைக் கணினியின் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கிப் பெட்டி தரும் 12 வோல்ட்டில் எல்இடி பட்டை எரியும் (அந்தப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள், கெப்பாசிட்டர் உதைக்கும்). டிடிஆர்3 ராம்தான் பாவம், டிடிஆர்4 போர்டில் பொருந்தவே பொருந்தாது. இன்னொரு கிழட்டுக் கணினிக்குத்தான் வாழ்க்கைப்பட வேண்டும். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதைக் காட்டி, ஓடுகிற கணினியையே ஆக்கர் கடைக்கு எடைக்குப் போடுவது அநியாயம். லினக்ஸ் ஏற்றினால் பள்ளிப் பிள்ளைக்குப் போதும். புடைத்த லித்தியம் பேட்டரியிடம் மட்டும் கைவேலை வேண்டாம். அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022 பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் மேல்தான் வைத்திருக்கின்றன.