எண்ணிக்கைக்குள் வராத உழைப்பு
திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்பு 2025 பிப்ரவரி 10 அன்று ஆஷா எனப்படும் கிராம, நகர்ப்புறச் சுகாதாரப் பணியாளர்கள் தொடங்கிய போராட்டத்தில், மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்க வேண்டும் என்ற கோரிக்கையே பெரிதாகப் பேசப்பட்டது. என் மனம் நின்றதோ அந்த 7,000 முழுதாகக் கைக்கு வர நிறைவேற்ற வேண்டியிருந்த பத்து நிபந்தனைகளில். போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே கேரள அரசு அவற்றை விலக்கிக்கொண்டது நல்லது. ஆனால் வேலையை எண்ணிக் கூலி தரும் பார்வை இன்னும் போகவில்லை. 2005இல் ஆஷா திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தபோது தடுப்பூசிக்கு இவ்வளவு, மருத்துவமனைப் பிரசவத்துக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வகுத்தது. பிறப்பு விகிதம் குறைந்து, ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கும் கேரளத்தில் எண்ணிக் காட்ட என்ன மிஞ்சும்? அங்கே ஆஷா பணியாளர்களின் பொழுது படுக்கையில் கிடக்கும் முதியவர்களிடமும், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் விட்டவர்களிடமும் போகிறது. ஒரு பக்கவாதத்தை வராமல் தடுத்தவரின் உழைப்பு எந்தப் படிவத்திலும் ஏறாது. ஊரின் ஆரோக்கியம் கூடக்கூட அதைக் காத்தவரின் வருமானம் குறையும் என்றால், அந்த அளவுகோல் அநீதியானது. மாதச் சம்பளமும் ஓய்வுக்கால உதவியும் கொடுத்து, பிறகு வேலையை அளக்கட்டும்.