பேசித் தீர்க்க முடியுமா ஒரு படையெடுப்பை? நரிக்குடிச் சீமை சொல்லும் 200 வருடக் கணக்கு!

உக்ரைன் மீது ரஷ்யா முழு அளவில் படையெடுத்தது 2022 பிப்ரவரி 24-ம் தேதி. பிப்ரவரி 28-ம் தேதியே பெலாரஸ் எல்லையில் இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்டன. அதன் பிறகு துருக்கி, சவுதி அரேபியா, அலாஸ்கா என்று பேச்சு நடக்கும் ஊர்கள் மாறிக்கொண்டே வந்தன. சண்டை மட்டும் மாறவில்லை.

ஒவ்வொரு முறை பேச்சுவார்த்தைச் செய்தி வரும்போதும் டீக்கடை பெஞ்சிலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் இரண்டு குரல்கள் கேட்கும். ‘உட்கார்ந்து பேசினா தீராத பிரச்னை ஏதுப்பா?’ என்பது ஒன்று. ‘வீட்டுக்குள்ள பூந்தவன்கிட்ட என்னண்ணே பேச்சு, மொதல்ல வெளிய போகச் சொல்லுங்க’ என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வாதம் முடிவதில்லை.

தூரத்துச் சண்டை என்று இதை ஒதுக்கவும் முடியாது. 2022-க்கு முன்பு இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்தது. போர் தொடங்கியதும் எண்ணெய் பாக்கெட் விலை நம் அடுப்படியில் சுட்டது. உர விலை உலகமெங்கும் ஏறியது. அங்கே மருத்துவம் படித்த பிள்ளைகள் பதுங்குகுழிகளிலிருந்து வீடியோ காலில் அழுததைத் தமிழ்நாட்டுப் பெற்றோர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ‘ஆபரேஷன் கங்கா’ மூலம் சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பி வந்தார்கள்.

படையெடுத்து வந்தவரோடு பேசலாமா, பேசினால் போர் நிற்குமா என்ற கேள்விக்குப் பதில் தேட ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா, நரிக்குடிக்கு வந்தாலே போதும். சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் இந்தப் பக்கத்துக் கிராமம்தான். கண்மாயும் கருவேலமுமாகக் கிடக்கும் இந்த வறண்ட சீமையைச் சுற்றி, கிழக்கிந்திய கம்பெனி பேசியும் இருக்கிறது, பேசிக்கொண்டே படை திரட்டியும் இருக்கிறது.

ராமநாதபுரத்தில் நடந்த பேச்சு

1798-ல் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் கம்பெனிக்கும் கிஸ்தி பாக்கித் தகராறு. தன்னை ராமநாதபுரத்தில் வந்து பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டார் கலெக்டர் ஜாக்சன். அதற்கு முன்பே கட்டபொம்மன் அவரைப் பார்க்க முயன்றார். குற்றாலத்தில் முடியவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முடியவில்லை. கலெக்டர் முகாம் மாறிக்கொண்டே போக, அவர் பின்னாலேயே போனார். கடைசியில் செப்டம்பர் மாதம் ராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது. அங்கே கட்டபொம்மனை மூன்று மணி நேரம் நிற்க வைத்தார் ஜாக்சன் என்று சொல்வார்கள்.

பேச்சு கைகலப்பில் முடிந்தது. கம்பெனி அதிகாரி கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மனின் செயலர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மன் தப்பினார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழுவை கம்பெனி அமைத்தது. குழு விசாரித்து, கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றது. பிள்ளை விடுதலையானார், ஜாக்சன் பதவி இழந்தார், லஷிங்டன் புதிய கலெக்டரானார். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல சமரசம் கிடையாது. பலவீனமானவர் புகார் கொடுத்து, பலசாலியின் அதிகாரியே வீட்டுக்குப் போயிருக்கிறார்!

ஆனால், அந்தச் சமரசம் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அப்போது கம்பெனியின் முழு கவனமும் மைசூரில் திப்பு சுல்தான் மீது இருந்தது. 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு கொல்லப்பட்டார். கம்பெனியின் கை ஓய்ந்தது. அதே மாதம் திருநெல்வேலியை நோக்கிப் படைகளை நகர்த்த உத்தரவு போனது. செப்டம்பர் 5-ம் தேதி மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு முன்னால் நின்றது. அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

விசாரணைக் குழுவின் தீர்ப்பை யாரும் ரத்து செய்யவில்லை. அதை மதிக்க வேண்டிய கட்டாயம்தான் இல்லாமல் போனது.

சிவகங்கைச் சீமையின் மூன்று வருடங்கள்

1772, 1780, 1801 ஆகிய மூன்று வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகும்.

1772 ஜூன் 25-ம் தேதி காளையார்கோவிலில் கம்பெனி மற்றும் நவாப் படைகளின் தாக்குதலில் மன்னர் முத்து வடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலுநாச்சியார், மருது சகோதரர்கள் துணையோடு திண்டுக்கல் அருகே விருப்பாட்சிப் பக்கம் போய், சுமார் 8 வருடங்கள் காத்திருந்தார். மைசூரின் ஹைதர் அலியோடு நட்பை வளர்த்துக்கொண்டார்.

1780-ல் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் பெரும் படையோடு இறங்கினார். நவாபும் கம்பெனியும் திணறிய அந்த நேரத்தில் வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டார். எட்டு வருடங்களுக்கு முன்பு பிடுங்கியவர்களே அதை ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது. மனம் மாறியதால் அல்ல, வேறு வழி இல்லாததால்.

1801-ல் ஹைதர் இல்லை, திப்புவும் இல்லை. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சி மறுபடி விழுந்ததும் சிவகங்கைக்கு வந்தார். அடைக்கலம் கொடுத்தார் சின்ன மருது. அவரை ஒப்படைக்கச் சொன்னது கம்பெனி. மருது மறுத்தார். ஜூன் 16-ம் தேதி அவர் பெயரில் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. ஐரோப்பியர்கள் கொடுத்த வாக்கை மீறி நாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது அதிலிருந்த முக்கியமான குற்றச்சாட்டு. எதிரியிடம் படை பலம் இருக்கிறது என்பதைவிட, எதிரியின் பேச்சை இனி நம்ப முடியாது என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

போர் நடக்கும்போதே படமாத்தூர் கௌரி வல்லபரை சிவகங்கையின் உரிமையாளர் என்று கம்பெனி முன்னிறுத்தியது. மேஜைக்கு எதிரே உட்கார வேண்டியவரையே ‘நீ ஆளே இல்லை’ என்று சொல்லிவிடும் தந்திரம் இது. உக்ரைன் அதிபர் ஸெலன்ஸ்கியின் பதவிக்காலம் 2024 மே மாதத்தோடு முடிந்துவிட்டது, அவரோடு ஒப்பந்தம் போட்டால் செல்லாது என்று ரஷ்ய அதிபர் புதின் பேசியதை இதோடு சேர்த்து வாசிக்கலாம். போர்க்காலச் சட்டம் அமலில் இருக்கும்போது தேர்தல் நடத்த முடியாது என்பது உக்ரைனின் பதில்.

1801 அக்டோபர் 24-ம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

கலுங்கு மட்டத்துக்குக் காவல் யார்?

நரிக்குடிப் பக்கத்து விவசாயிக்கு இந்த விஷயத்தை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேல்கண்மாய் நிறைந்து, கலுங்கு வழியாக வழிந்தால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். மேல் ஊர்க்காரர்கள் கலுங்கின் மேல் மணல் மூட்டையை அடுக்கி மட்டத்தை உயர்த்திவிட்டால், கீழ் ஊரில் பயிர் காயும். தகராறு வரும், பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள், ‘இனி மூட்டை வைக்க மாட்டோம்’ என்று வாக்குக் கொடுப்பார்கள். அந்த வாக்கு நிற்பது எப்போது? மட்டம் இதுதான் என்று கல்லில் குறி இருந்து, இரு ஊரும் நம்பும் ஒரு நீர்ப்பாய்ச்சி அதைப் பார்த்துக்கொண்டு, மீறினால் கேட்க ஆள் இருக்கும்போது. மூன்றும் இல்லையென்றால் அடுத்த மழைக்கே மூட்டை ஏறிவிடும்.

நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தமும் இப்படித்தான். மட்டம் எது, காவல் யார், மீறினால் என்ன ஆகும்... இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத பேச்சுவார்த்தை, அடுத்த சண்டைக்கான இடைவேளை மட்டுமே.

பேசி நின்ற போர்களும் உண்டு

1950 ஜூன் 25-ம் தேதி வட கொரியா, தென் கொரியாவுக்குள் புகுந்தது. தெற்குக்கு அமெரிக்கா தலைமையில் ஐ.நா. படை வந்தது. வடக்குக்கு சீனப் படை வந்தது. 1951 ஜூலை 10-ம் தேதி பேச்சு தொடங்கியது. ஆனால், துப்பாக்கிகள் ஓய்ந்தது 1953 ஜூலை 27-ம் தேதிதான். இடைப்பட்ட இரண்டு வருடங்களும் ஒரு பக்கம் பேச்சு, இன்னொரு பக்கம் பிணங்கள். பேச்சு இழுத்ததற்கு முக்கியக் காரணம், போர்க்கைதிகளை யார், எப்படித் திருப்பி அனுப்புவது என்பது. அந்த முடிச்சை அவிழ்த்ததில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. கைதிகள் விவகாரத்துக்கான நடுநிலை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம் ஜெனரல் திம்மையா.

கொரியாவில் இன்றுவரை அமைதி ஒப்பந்தம் கிடையாது, போர்நிறுத்த ஒப்பந்தம் மட்டும்தான். ஆனாலும் அது 70 வருடங்களைத் தாண்டி நிற்கிறது. இனி முன்னேற முடியாது என்று இரு தரப்புக்கும் தெரிந்தது. கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது.

நமக்கு நெருக்கமான இன்னொரு கதை தாஷ்கண்ட். விருதுநகர் தந்த காமராஜர் முன்னின்று பிரதமராக்கிய லால் பகதூர் சாஸ்திரி, 1965 போருக்குப் பிறகு பாகிஸ்தான் அதிபர் அயூப் கானோடு அங்கே உட்கார்ந்தார். நடுவில் இருந்து பேச வைத்தவர் சோவியத் பிரதமர் கோசிகின். 1966 ஜனவரி 10-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இரு நாட்டுப் படைகளும் 1965 ஆகஸ்ட் 5-ம் தேதிக்கு முன்பிருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தேதியோடு எழுதினார்கள். திரும்பவும் செய்தார்கள். அன்றிரவே சாஸ்திரி மறைந்தார். காஷ்மீர் பிரச்னை தீரவில்லை, 1971-ல் வேறொரு காரணத்துக்காக மறுபடி போர் வந்தது. ஆனாலும், பிடித்த இடத்தை விட்டுப் போவது என்பது பேச்சில் சாத்தியமானது.

அன்று மாஸ்கோ நாட்டாமை. இன்று அதே மாஸ்கோ வழக்கில் ஒரு தரப்பு.

உக்ரைனில் எங்கே சிக்குகிறது?

1994-ல் புடாபெஸ்ட் நகரில் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்துப் போட்டன. அதை நம்பித் தன் மண்ணிலிருந்த அணு ஆயுதங்களை உக்ரைன் கைவிட்டது. 2014-ல் கிரீமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. கேட்க யாரும் வரவில்லை. பிறகு கிழக்குப் பகுதிச் சண்டையை நிறுத்த 2014 செப்டம்பரிலும் 2015 பிப்ரவரியிலும் மின்ஸ்க் ஒப்பந்தங்கள் வந்தன. கண்காணிப்பாளர்கள் இருந்தார்கள். மீறல்களைக் குறித்துக்கொண்டார்கள். தடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. இலங்கையில் 2002 போர்நிறுத்தத்தைக் கண்காணித்த நார்வே தலைமையிலான குழுவின் நிலையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அது உள்நாட்டுப் போர், இது படையெடுப்பு. ஆனால், பல் இல்லாத காவல் இரண்டிலும் ஒன்றுதான்.

2022 மார்ச் மாத இஸ்தான்புல் பேச்சில் உக்ரைன் ஒரு படி இறங்கி வந்தது. நேட்டோவில் சேராமல் நடுநிலையாக இருக்கிறோம், பதிலுக்குப் பாதுகாப்பு உத்தரவாதம் வேண்டும் என்றது. மறுபடி தாக்கப்பட்டால் உதவிக்கு வருவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதில் ரஷ்யாவுக்கும் தடுப்புரிமை உண்டா என்பது பெரிய சிக்கலானது. மூட்டை வைத்தவரையே கலுங்குக்குக் காவல் போடுவதா என்பதுதான் அந்தக் கேள்வி. ஏப்ரல் தொடக்கத்தில் புச்சா நகரின் பிணங்கள் உலகுக்குத் தெரிந்தபோது நம்பிக்கை இன்னும் சரிந்தது.

ஆகவே, ‘உக்ரைன் கொஞ்சம் நிலத்தை விட்டுக்கொடுத்தால் முடிந்துவிடும்’ என்று சுலபமாகச் சொல்ல முடியவில்லை. நிலத்தைக் கொடுத்த பிறகு என்ன காவல் என்பதற்குப் பதில் வேண்டும். ‘கடைசி அங்குலம் வரை போரிட வேண்டும்’ என்று தூரத்திலிருந்து சொல்வதும் சுலபம். சாவது சொல்பவரின் பிள்ளை அல்ல.

அப்படியானால் பேச்சே வேண்டாமா?

வேண்டும். போரை முடிக்காத பேச்சும் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. 2022 ஜூலையில் துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் நின்று செய்த கருங்கடல் தானிய ஒப்பந்தம் ஒரு வருடம் நீடித்தது. சுமார் 3.3 கோடி டன் தானியமும் உணவுப் பொருளும் கப்பல் ஏறின. 2025 மே மாதம் இஸ்தான்புல்லில் போர்நிறுத்தம் அமையவில்லை. ஆனால், இரு தரப்பும் தலா 1,000 பேரை விடுவித்தன. அந்த 2,000 வீடுகளில் போய் ‘பேச்சுவார்த்தை தோற்றுவிட்டது’ என்று சொல்ல முடியுமா?

பேச யாருமில்லாதவர்களின் கதி என்ன என்பதும் இந்தச் சீமைக்குத் தெரியும். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1802 பிப்ரவரியில் 73 பேரை தூத்துக்குடியில் கப்பலேற்றி பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தியது கம்பெனி. அவர்களில் ஒருவர் சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி. 1818-ல் கம்பெனி ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் பினாங்கு போனபோது அவரைப் பார்த்தார். ஒரு காலத்தில் ஈட்டியும் வளரியும் எறியத் தனக்குக் கற்றுத் தந்த சின்ன மருதுவின் மகன், உருக்குலைந்து அடையாளம் தெரியாத ஆளாக நின்றதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார் வெல்ஷ். 16 வருடங்களாக அவர்களை மீட்கப் பேச ஒரு மேஜை இல்லை.

அடுத்த முறை ‘அமைதிப் பேச்சு’ என்று செல்போனில் செய்தி வரும்போது, கைகுலுக்கும் படத்தைத் தாண்டி நான்கு விஷயங்களைப் பாருங்கள். தாக்கப்பட்ட நாடு அந்த மேஜையில் இருக்கிறதா? சண்டையைத் தொடர்வது படையெடுத்தவருக்கு நஷ்டமாகிவிட்டதா? மீறினால் வருவதற்கு ஆள் இருக்கிறார்களா? கைதிகளும், எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட குழந்தைகளும் எப்போது வீடு திரும்புவார்கள் என்று தேதி எழுதியிருக்கிறதா?

முதல் மூன்றுக்கும் பதில் ‘இல்லை’ என்றாலும், நான்காவதற்காகவாவது அந்த மேஜை கலையாமல் இருக்க வேண்டும்.