ரெண்டாயிரம் ரூபா அபராதம், அடிபட்டவருக்கு என்ன?

சந்தை நாள், முகூர்த்த நாள் வந்தா போதும், எங்க கூட்ரோட்டுல போலீஸ் நிக்குது. வண்டியை ஓரம் கட்டச் சொல்றாங்க. ஆர்.சி. புக், லைசன்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட். இதுல எங்க ஊர் ஆளுங்ககிட்ட பாதிக்கு பாதி இருக்காது. இன்சூரன்ஸ் இல்லைன்னா 2,000 ரூபா. மறுபடி மாட்டினா 4,000. மூணு மாசம் வரைக்கும் ஜெயில்னும் சட்டத்துல இருக்கு, ஆனா அப்படி யாரும் போய் நான் பார்க்கலை. முன்னாடி இது ஆயிரம் ரூபாதான். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினாங்க, நம்ம தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்து புது அபராதம் வசூல் பண்றாங்க.

டீக்கடையில இதைப் பத்தி பேச்சு வந்தா எல்லாரும் போலீஸைத்தான் திட்டுறாங்க. "ஒரு மூட்டை மல்லாட்டை வித்தா என்ன கிடைக்குதுன்னு இவனுக்குத் தெரியுமா"ன்னு ஆரம்பிச்சு எங்கேயோ போகும். நான் அந்தப் பேச்சுல முழுசா சேர மாட்டேன். அதுக்காக போலீஸ் பண்றது முழுக்க சரின்னும் சொல்லலை. என் கணக்கு வேற.

முதல்ல இன்சூரன்ஸ்னா என்னன்னு நம்ம ஆளுங்க பாதிப்பேருக்குத் தெரியலை. "என் வண்டி பழசு, போனா போகுது, அதுக்கு எதுக்கு இன்சூரன்ஸ்"ன்னு கேக்குறாங்க. சட்டம் கட்டாயப்படுத்துறது நம்ம வண்டிக்கான இன்சூரன்ஸ் இல்லை. நம்ம வண்டி இடிச்சு அடிபடுறாரே, அவருக்கான இன்சூரன்ஸ். தேர்ட் பார்ட்டின்னு சொல்றது அதைத்தான். உங்க வண்டி பத்தாயிரத்துக்குக் கூட போகாத பழைய மொபெட்டா இருக்கலாம். அது இடிச்சு ஒருத்தர் கால் போச்சுன்னா, அந்தக் காலோட விலை பத்தாயிரம் இல்லையே.

இதுக்கு எவ்வளவு ஆகும்னு பாருங்க. 2022 ஜூன்ல அரசு நிர்ணயிச்ச கணக்குப்படி 75 சி.சி.க்குள்ள இருக்கிற வண்டிக்கு வருஷத்துக்கு 538 ரூபா. 75-லேர்ந்து 150 சி.சி. வரைக்கும் 714 ரூபா. வரி தனி. பழைய எக்ஸ்.எல். சூப்பர் முதல் கணக்குல வரும், எக்ஸ்.எல். 100 ரெண்டாவது கணக்குல வரும். பால் கேனும் தீவனமும் ஏத்துற நம்ம வண்டிங்க எல்லாம் இதுக்குள்ளதான். ஒரு தடவை கட்டுற அபராதத்துல ரெண்டு வருஷத்து இன்சூரன்ஸ் போட்டுட்டு டீக்கும் காசு மிச்சம் இருக்கும்.

அப்ப ஏன் போடலை? சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லைங்க. 2018 செப்டம்பர்ல இருந்து சுப்ரீம் கோர்ட் உத்தரவால புது டூவீலர் வாங்கும்போதே அஞ்சு வருஷத்துக்கு தேர்ட் பார்ட்டி சேர்த்துப் போட்டுத்தான் குடுக்குறாங்க. அது நல்லதுதான். ஆனா அதனால என்ன ஆச்சுன்னா, வண்டி வாங்கினவர் இன்சூரன்ஸையே மறந்துட்டார். அஞ்சு வருஷம் கழிச்சு யாரும் வந்து சொல்றதில்லை. செல்லுக்கு மெசேஜ் வரும், அது இங்கிலீஷ்ல வரும், அந்த நம்பரும் பேரன் கையில இருக்கும். அந்த மாதிரி வாங்கின வண்டிங்க எல்லாம் 2023-ல இருந்து வரிசையா காலாவதி ஆகிட்டு வருது. நாடு முழுக்க ஓடுற வண்டிகள்ல பாதிக்கு மேல இன்சூரன்ஸ் இல்லாம ஓடுதுன்னு அரசாங்கக் கணக்கே சொல்லுது. எங்க ஊரைப் பார்த்தா அதுவே கம்மின்னு தோணுது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். எங்க தெருவுல ஒரு அக்கா, கூலி வேலைக்குப் போறவங்க. போன வருஷம் ஒரு பௌர்ணமி அன்னிக்கு சாயங்காலம் களை வெட்டிட்டு ரோட்டோரம் நடந்து வந்துக்கிட்டு இருந்தாங்க. பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் மொபெட்ல வந்து இடிச்சுட்டார். குடிபோதை எல்லாம் இல்லை. எதிர்ல வந்த லாரி வெளிச்சத்துல கண்ணு கூசிப் போச்சு, அவ்வளவுதான். அக்காவுக்கு முட்டிக்குக் கீழ எலும்பு ரெண்டா போச்சு.

108-க்கு போன் போட்டது நான்தான். ஆறே முக்காலுக்குப் போட்டேன், ஏழு பத்துக்கு வண்டி வந்துடுச்சு. எங்க ஊர் ரோட்டுக்கு அது பெரிய விஷயம். அந்த 25 நிமிஷத்துக்குள்ள அந்தப் பொண்ணு போன்லயே மூணு தடவை வழி கேட்டுச்சு, காலை அசைக்காதீங்க, தண்ணி குடுக்காதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. 2008 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல 108 வந்தப்ப "இதெல்லாம் டவுனுக்குத்தான்"னு சொன்னவங்க நிறைய பேர். இன்னிக்கு கழனி வரப்பு வரைக்கும் வருது. ஆஸ்பத்திரியிலயும் முதல் 48 மணி நேரத்துக்குக் காசு கேக்கலை. இன்னுயிர் காப்போம் திட்டம், 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல ஆரம்பிச்சாங்களே, அதுல சேர்த்துட்டாங்க. விபத்துல அடிபட்டா யாரா இருந்தாலும் அதுல வைத்தியம் உண்டு, காப்பீட்டு அட்டை இருக்கான்னு பார்க்கிறதில்லை.

போலீஸுக்கும் போன் போட்டோம். 100-க்குப் போட்டா எடுத்தாங்க, மரியாதையாத்தான் பேசினாங்க. "ஸ்டேஷன்ல ஆள் இல்லைங்க, கிரிவலம் பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க, அனுப்பறோம்"னாங்க. ஆள் வந்தது மறுநாள் காலையில பத்து மணிக்கு மேல.

திருவண்ணாமலை பக்கம் இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்குல ஜனம் வருது. சுத்துப்பட்டு ஸ்டேஷன்ல இருக்கிற போலீஸ் எல்லாம் மலையைச் சுத்தி நிக்கணும். தீபம்னா வெளி மாவட்டத்துல இருந்தும் வரவேண்டி இருக்கு. அதைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு கூட்டத்துல ஒரு நெரிசல் வந்தா என்ன ஆகும்? ஆனா அந்த ஒரு ராத்திரி இந்த முப்பது நாப்பது கிராமத்துக்கும் போலீஸ் கிடையாதுன்னுதான் அர்த்தம். பந்தோபஸ்துக்குன்னு தனி ஆள் எடுக்காம, இருக்கிற ஸ்டேஷனைக் காலி பண்ணி அனுப்புறாங்க. மந்திரி வந்தாலும் அதே கதை, தேர்தல் வந்தாலும் அதே கதை.

என் மச்சான் பையன் ரெண்டாம் நிலைக் காவலர், வேற மாவட்டத்துல இருக்கான். போலீஸுக்கு வாரம் ஒரு நாள் லீவுன்னு 2021-ல அரசு உத்தரவு போட்டுச்சு. "மாமா, பேப்பர்ல லீவு இருக்கு, திருவிழா இருக்கிற வாரத்துல கேக்காதே"ங்கிறான். எங்க ஊர்ல திருவிழா இல்லாத வாரம் எது? கோர்ட்டுக்கு சம்மன் கொண்டு போறவனும் அவன்தான், ராத்திரி ரோந்து போறவனும் அவன்தான், கூட்ரோட்டுல நின்னு வண்டி பிடிக்கிறவனும் அவன்தான். இதுல விபத்து நடந்த இடத்துக்கு அரை மணி நேரத்துல வான்னா எங்கிருந்து வருவான்?

போலீஸ் லேட்டா வந்தா என்ன, ஆம்புலன்ஸ்தான் வந்துடுச்சேன்னு கேக்கலாம். அங்கதான் விஷயமே இருக்கு.

போலீஸ் வர்றதுக்குள்ள மொபெட் அந்த இடத்துல இல்லை. இன்சூரன்ஸ் அஞ்சு மாசம் முன்னாடியே முடிஞ்சு போயிருக்கு. ராத்திரியே ரெண்டு ஊர் பெரியவங்களும் கூடிப் பேசினாங்க. ஒருத்தர் யோசனை சொன்னார்: "இன்சூரன்ஸ் இருக்கிற வேற வண்டி ஒண்ணை இடிச்சதா காட்டிடலாம், அந்தம்மாவுக்கும் பணம் வரும், இவனும் தப்பிப்பான், கம்பெனிக்காரன் தானே குடுக்கப்போறான்." கேக்க நியாயமா இருந்துச்சு, அதுதான் பயமா இருந்துச்சு. அடிபட்ட அக்கா வீட்டுக்காரரே தலையாட்டினார். நான் வேண்டாம்னேன். போலீஸும் கம்பெனி ஆளும் தோண்டினா கேஸே உடைஞ்சு போகும், வண்டி குடுத்தவன், சாட்சி சொன்னவன் எல்லாரும் மோசடி கேஸுல உள்ள போவான். அரை மனசோட விட்டாங்க. சாயங்காலமே ஒரே ஒரு காவலர் வந்து வண்டி நம்பரை எழுதிட்டுப் போயிருந்தா இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

எஃப்.ஐ.ஆர். போட மூணு நாள் ஆச்சு. விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள்ள போலீஸ் முதல் அறிக்கையை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும்னு 2022 ஏப்ரல்ல இருந்து விதி இருக்கு. அடிபட்டவங்க ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னும் சட்டத்துல இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு இந்த ஆறு மாசக் கணக்கே தெரியாது. கால் ஆறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்துடுவாங்க.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்துல மாட்டினா, சொந்தக்காரர் ஜாமீன் தொகை கட்டாத வரைக்கும் வண்டியை விடக்கூடாது, ஏலம் போட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்துல கட்டணும்னும் விதி இருக்கு. சரி, அந்த மொபெட்டை ஏலம் போட்டா என்ன வரும்? எட்டாயிரம் வந்தா அதிசயம். தீர்ப்பாயம் மூணு லட்சம் குடுன்னு தீர்ப்பு சொல்லலாம். குடுக்க வேண்டியவர்கிட்ட இருக்கிறது அறுபது சென்ட் மானாவாரி நிலமும் ரெண்டு கறவை மாடும். கடைசியில ஒரு மாட்டை வித்து 35,000 குடுத்தார். மிச்சத்துக்கு கேஸ் நடக்குது. அக்காவுக்குக் காலுக்குள்ள கம்பி வெச்சிருக்காங்க, இன்னும் குத்துக்கால் போட்டு உக்கார முடியலை. களை வெட்டப் போக முடியாது. நூறு நாள் வேலைக்கு மட்டும் போய் உக்காந்துட்டு வராங்க. இடிச்சவரும் ஏழை, இடிபட்டவங்களும் ஏழை. 714 ரூபா கட்டியிருந்தா ரெண்டு குடும்பமும் நின்னிருக்கும்.

இடிச்சுட்டு வண்டி யாருதுன்னே தெரியாம ஓடிப்போனா, அரசாங்கம் செத்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000-மும் குடுக்குது. வண்டி யாருதுன்னு தெரிஞ்சு, இன்சூரன்ஸ் மட்டும் இல்லைன்னா அந்த 50,000-மும் இல்லை. இது என்ன நியாயமோ.

அதனாலதான் கேக்குறேன், கூட்ரோட்டுல வாங்குற அந்த 2,000 ரூபா எங்க போகுது? கஜானாவுக்குப் போகுது. ரசீது வாங்கிட்டு அவன் மறுபடியும் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைத்தான் ஓட்டிட்டுப் போறான். போலீஸ்காரர் முன்னாடியே கிளம்பிப் போறான்! அடுத்த வளைவுல யாரையாவது இடிச்சா, அடிபட்டவருக்கு அந்த ரசீதால பத்து பைசா பிரயோஜனம் கிடையாது.

என்னைக் கேட்டா, முதல் தடவை மாட்டினா அபராதத்துக்கு பதிலா அந்த இடத்துலயே பாலிசி போட வைக்கணும். கையில மெஷின் இருக்கு, செல்லுல ஜி-பே இருக்கு, பத்து நிமிஷ வேலை. "அப்ப எல்லாரும் மாட்டுற வரைக்கும் போடவே மாட்டானே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு வண்டிக்கு ஒரு தடவைதான் இந்தச் சலுகை, நம்பர் கம்ப்யூட்டர்ல ஏறிடும், அடுத்த தடவை 4,000-மே வாங்கட்டும். அதுல நான் பரிதாபப்பட மாட்டேன். டிராக்டர்காரங்களையும் விடக்கூடாது. விவசாயத்துக்குன்னு இன்சூரன்ஸ் போட்டுட்டு டிரெய்லர்ல நாப்பது பேரை கல்யாணத்துக்கு ஏத்திட்டுப் போறாங்க. கவிழ்ந்தா கம்பெனி நான் பொறுப்பில்லைன்னு கோர்ட்ல நிக்கும்.

2022-ல மட்டும் தமிழ்நாட்டுல 64,105 விபத்து, நாட்டுலயே அதிகம். 17,884 உயிர் போச்சு. இவ்வளவு நடக்கிற மாநிலத்துல விபத்துக்குன்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ரெண்டு பேரை ஒதுக்கி, தீபமோ மந்திரியோ எது வந்தாலும் அவங்களை மட்டும் நகர்த்தாதீங்கன்னு கேக்குறது பேராசையா? கூட்ரோட்டுல மூணு பேர் நிக்கிறப்ப ஆள் இல்லைன்னு யாரும் சொல்றதில்லையே.

அரசாங்கம் செய்யறப்ப செய்யட்டும். எங்க பால் சொசைட்டியில பேசியிருக்கேன். பட்டுவாடா அன்னிக்கு ஒரு ஏஜென்ட் வந்து உக்காருவார், தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டாலும் சரி, ஓட்டுற சொந்தக்காரருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு சேர்த்துப் போட்டாலும் சரி. அந்த 15 லட்சம் வேணும்னா லைசன்ஸ் இருக்கணும், அதையும் சொல்லிடறேன். இதுவரைக்கும் 23 பேர் பேர் குடுத்திருக்காங்க. ஆர்.சி. புக், பழைய பாலிசி இருந்தா அது, ஆதார், மூணுக்கும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. பழைய பாலிசி தொலைஞ்சிருந்தாலும் பரவாயில்லை, வண்டி நம்பரைப் போட்டாலே எப்ப முடிஞ்சதுன்னு செல்லுல காட்டுது.