பங்களாவில் ஆயா எதற்கு?

சென்ற மாதம் கோவையில் ஒரு மில் வாசல். ஷிப்டு மாறும் நேரம். டீக்கடை பெஞ்சில் நாலைந்து தோழர்கள். பேச்சு எப்படியோ முதலாளி பங்களாவுக்குப் போயிற்று. "அந்தம்மா வேலைக்கா போகுது? காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வீட்டுலதான் இருக்குது. ரெண்டு பிள்ளைக்கு முழுநேர ஆயா! கைகால் விளங்கலையா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரீலிங் பகுதியில் வேலை செய்யும் பெண் தோழர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏனுங்க, ஒருநாள் முழுக்க நீங்க உங்க பிள்ளையப் பாத்திருக்கீங்களா? பாத்துட்டு வந்து அப்புறம் சிரிங்க" என்றார். டீ ஆறிற்று, பதில் வரவில்லை.

தோழர்களே, அந்தப் பங்களா அம்மாளைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போவது நமக்குத்தான் நஷ்டம். சோம்பலும் ஜம்பமும் இல்லாமல் இல்லை. கார் வைப்பதைப் போல ஆயா வைப்பதும் அந்தஸ்து என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் பிரசவத்தில் உடம்பு கெட்டவர் உண்டு. இரட்டைப் பிள்ளை பெற்றவர் உண்டு. புருஷனின் வியாபார விருந்தாளிகளுக்குச் சிரித்த முகத்தோடு பலகாரம் வைப்பதே உத்தியோகமாகிப் போனவரும் உண்டு. மாமியார், நாத்தனார் என்று கைமாற்ற ஆளில்லாத தனி வீடு. தகப்பனார் பிள்ளையைத் தூக்குவது போட்டோ எடுக்கும்போதுதான். குழந்தையோ இரண்டு மணிக்கொருதரம் பால் கேட்கும், நடுச்சாமத்தில் கத்தும், தவழ ஆரம்பித்துவிட்டால் கண்ணை அந்தண்டை எடுக்க முடியாது. இது ஒருத்தியால் ஆகிற காரியமல்ல என்று அந்த வீட்டுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள்.

வெள்ளைக்காரத் துரைசானிகளுக்கும் இது தெரிந்திருந்தது. உத்தியோகம் ஒன்றும் இல்லாத அந்த அம்மாள்களில் பலர், சீமைக்குக் கப்பல் ஏறும்போது இந்திய ஆயாவையும் கூட்டிப் போனார்கள். இறங்கியதும் வேலை முடிந்ததென்று கைகழுவி விட்டவர்கள் உண்டு. அப்படித் திக்கற்று நின்ற ஆயாக்களுக்காகவே லண்டன் ஹாக்னியில் 1900 முதல் ஒரு விடுதி நடந்தது. 2022-இல் அங்கே நினைவுப் பலகை பதித்தார்கள்.

ஆகப் பிள்ளை வளர்ப்பது உழைப்பு. தன் வீட்டுக்கு விலை கொடுத்து வாங்கும்போது முதலாளி இதை ஒப்புக்கொள்கிறார். அதே முதலாளியிடம் மில் பெண்கள் போய், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் வையுங்கள் என்று கேட்கட்டும்! உடனே தாய்மையின் மகிமை பற்றிப் பிரசங்கம். தாய் மடிக்கு ஈடு உண்டா என்கிறார். அவர் வீட்டில் மட்டும் மாதச் சம்பளத்துக்கு ஈடு கிடைத்தது எப்படியாம்?

1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வைக்கச் சொன்னது. 1976-இல் அந்த 50, 30 ஆயிற்று. பல இடங்களில் நடந்தது என்ன? பெண்களின் எண்ணிக்கையைக் கோட்டுக்குக் கீழே நிறுத்தினார்கள். மிச்சப் பேரைக் காண்டிராக்டர் கணக்கில் எழுதினார்கள். கல்யாணமாகாத பெண்களாகப் பொறுக்கி ஹாஸ்டலில் அடைத்தார்கள். காப்பகம் என்று பலகை தொங்கிய ஓர் அறையில் கழிவுப் பஞ்சு மூட்டைகளை நானே கண்டிருக்கிறேன்.

கிராமத்துக்கு வருவோம். 2005-இல் வந்த வேலை உறுதிச் சட்டத்தில் அருமையான வரி ஒன்று இருந்தது. வேலைத் தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால், அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும். மண் வெட்டியவர்களுக்குரிய கூலி அவளுக்கும் உண்டு. பிள்ளை பார்ப்பதும் ஒரு நாள் வேலைதான் என்று சட்டமே எழுதியது! நூறு நாள் வேலைக்குப் போன தாய்மாரே, எத்தனை தளத்தில் அப்படி ஒருத்தியை நிறுத்தினார்கள்? நாற்று நடும் வயலில் அந்த வரியும் கிடையாது. வரப்போரத்து வேப்பமரமும் அதில் கட்டிய தூளியும்தான்.

சர்க்காரின் யோக்யதை மட்டும் என்ன? 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில், பிள்ளை பார்க்கும் பெண்ணுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்ல நாக்குக் கூசி, மதிப்பூதியம் என்று பெயர் வைத்தார்கள். அவளுக்குக் கிராஜுவிடி உண்டென்று சொல்ல 2022-இல் சுப்ரீம் கோர்ட்டு வரவேண்டியிருந்தது.

பங்களா ஆயா யார்? நம் காலனிப் பெண்தான். எனக்குத் தெரிந்த ஒருத்தி விடிவதற்கு முன் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புகிறாள். அவள் கைக்குழந்தையைப் பார்ப்பது பத்து வயது மூத்த மகள். பள்ளிக்கூடம் நின்று எட்டு மாதம் ஆகிறது. அந்தச் சிறுமிக்கு எந்தக் கணக்கிலும் சம்பளம் இல்லை.

நாமும் யோக்கியர்கள் அல்ல. 2019-இல் சர்க்கார் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சொந்த வீட்டு வேலை செய்த பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிஷம் செய்தார்கள். ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் செய்த ஆண்களின் சராசரி. பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தவர்கள் அதில் சேர்த்தி இல்லை.

சென்ற ஆண்டு அந்த மில்லில் நாங்கள் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில் காப்பகம் பதினொன்றாவது. பத்தாவது கோரிக்கை பேசி முடிந்ததும் மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்களும் எழுந்து வந்துவிட்டோம். அந்தப் பெண் தோழர் இப்போது கேட்பது, அடுத்த பட்டியலில் அது எத்தனாவது என்று.