சுபாங்–பினாங்கு விமானப் பயணம்: நேரத்தை வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுக!
கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரப் பயணிகளின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: போக்குவரத்து அமைச்சு, மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், சிலாங்கூர் மாநில அரசு, கேடிஎம் ரயில் நிறுவனம், விமான நிலைய நிர்வாகம், விமான நிறுவனங்கள்.

எங்கள் நிலை

பினாங்கில் எங்களுக்கு உற்றார் உறவினர் இருக்கிறார்கள். கல்யாணம், காரியம், தைப்பூசம் என்று அடிக்கடி போய்வருகிறோம். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் அன்றைக்கே போய்ச் சேர வேண்டியவர்கள் நாங்கள்.

சுபாங் விமான நிலையத்திலிருந்து பினாங்கு விமான நிலையம் உள்ள பாயான் லெப்பாஸ் நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து சுமார் 325. எங்கிருந்து ஏறினாலும் அட்டவணை காட்டும் நேரம் ஏறக்குறைய ஒரு மணிதான். ஓடுபாதைக்கு நகர்வதற்கும், மேலெழுவதற்கும், இறங்குவதற்கும் அதில் பெரும்பகுதி போய்விடுவதால், ஏடிஆர் எனும் சுழல்விசிறி விமானத்துக்குப் பதில் ஜெட் பறந்தாலும் மிச்சமாவது சில நிமிடங்களே. எங்கள் பயணம் நீள்வது தரையில்.

கிள்ளானிலிருந்து சிப்பாங்குக்குச் சாலை வழியே 50 கிலோமீட்டருக்குக் குறையாது. சுபாங் அதில் பாதித் தொலைவுக்குள் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலிலிருந்து 57 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிப்பாங்குக்கு 28 நிமிடத்தில் விரைவு ரயில் போகிறது. மிக அருகிலிருக்கும் சுபாங்குக்கோ 2018 மே மாதம் தொடங்கிய ஸ்கைபார்க் ரயில் 2023 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் சுபாங்குக்கு ஜெட் விமானங்களைத் திரும்ப வரவிட்ட அரசு, அங்கே போய்ச் சேரும் வழியையும் திறந்துவிட வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

1. ஸ்கைபார்க் ரயிலை மீண்டும் ஓட்டுக. முதல் விமானத்துக்கும் கடைசி விமானத்துக்கும் பொருந்த, அரை மணிக்கு ஒன்றாக விடுக. முன்பு வாங்கிய 15 வெள்ளிக்குப் பதில் சாதாரண கம்யூட்டர் கட்டணமே வாங்குக.

2. கிள்ளானில் ஏறுவோர் சுபாங் ஜெயாவில் காத்துக் கிடக்காமல் மாறி ஏறும்படி, போர்ட் கிள்ளான் தட ரயில்களின் நேரத்தை ஸ்கைபார்க் ரயிலுடன் இணைத்திடுக.

3. ரயில் வரும்வரை கிள்ளான் நிலையத்திலிருந்தும் கேஎல் சென்ட்ரலிலிருந்தும் பெட்டி வைக்க இடமுள்ள நேரடிப் பேருந்துகளை விடுக.

4. ரயில் நிலையத்துக்கும் முனையத்துக்கும் இடையிலான நீண்ட நடைபாலத்தில் முதியோருக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் மின்வண்டி வைத்திடுக. அறிவிப்புகள் தமிழிலும் ஒலிக்கட்டும்.

5. ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது 2024 செப்டம்பரில் திருத்தப்பட்ட பயணிகள் பாதுகாப்பு விதி. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இந்த வரம்பு மிக அதிகம். குறுந்தூரத் தடங்களில் இதை இரண்டு மணி நேரமாகக் குறைத்திடுக.

6. சுபாங்கிலிருந்து பதிவு செய்த பயணத்தைச் சிப்பாங்குக்கு மாற்றினால், அதை ரத்தான பயணமாகவே கருதுக. முழுப் பணத்தையோ இலவச வாகனத்தையோ பயணியே தேர்ந்தெடுக்கட்டும்.

7. சுபாங்–பினாங்குத் தடத்தில் எத்தனை விமானங்கள் நேரத்துக்குப் புறப்பட்டன, எத்தனை ரத்தாயின என்பதை மாதந்தோறும் வெளியிடுக.

8. சுபாங் விமான நிலைய விரிவாக்கத்தில், சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களின் இரவு உறக்கத்தைக் காத்திடுக. அவர்களைக் கலந்து பேசாமல் பறப்பு நேரத்தை நீட்டிக்கக் கூடாது.

எங்கள் எதிர்பார்ப்பு

ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான துறை எது, நிறைவேற்றும் நாள் எது என்று 90 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தருக. முடியாதவற்றுக்குக் காரணம் சொல்லுக. அந்தப் பதிலைக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பொதுக்கூட்டம் கூட்டி மக்கள் முன் வாசிப்போம். நிறைவேறும்வரை தொடர்ந்து கேட்போம்.