விழக் கற்றுக்கொள்ளுங்கள்



சாலைக் கடைவீதிக்கு அருகில் குடியிருக்கும் ஒரு சகோதரி, தம் பன்னிரண்டு வயது மகனுடன் ஒரு மாலைவேளையில் என் வீட்டிற்கு வந்தார். பையன் ஜூடோ கற்று வந்தான். பயிற்சியில் மற்றொரு மாணவன் தூக்கி வீழ்த்தியபோது, அவனது பின்தலை தரையில் மோதியிருக்கிறது. இரண்டு நாட்களாகத் தலைவலியை யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறான். "ஏன் தம்பி, சொல்லவில்லை?" என்று கேட்டேன். "ஆண்பிள்ளை விழுந்தால் உடனே எழுந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்வார், ஐயா" என்றான்.

உடனே அவர்களை மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் பரிசோதித்து, ஆபத்தில்லை, ஆனால் பல நாட்கள் ஓய்வு வேண்டும் என்றார். பின்பு அந்தத் தாயார் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "ஐயா, இந்தப் பயிற்சியையே நிறுத்திவிடட்டுமா?"

இக்கேள்வி உங்களில் பலருக்கும் உண்டு. எனவே இம்மாதம் இதைக் குறித்துச் சிந்திப்போம்.

நம் நகரின் கிழக்கேகோட்டையில், 1956-ஆம் ஆண்டு கோவிந்தன்குட்டி நாயர் தொடங்கிய சி.வி.என். களரி இருக்கிறது. களரி என்பது தரைமட்டத்திற்குக் கீழே, 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக மரபுப்படி அமைக்கப்படும் மண்தரைக் கூடம். அங்கே முதலில் மெய்த்தாரி. அதாவது சரீரத்தைத் தாழவும் வளையவும் பாயவும் பழக்குதல். அதன்பின் கோல், அதன்பின் இரும்பு ஆயுதங்கள். எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் வெறுங்கைப் பயிற்சியோ கடைசியில்தான். மண்ணோடு பழகிய பிறகே வீழ்த்தும் வித்தை!

1882-இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ உருவாக்கிய ஜூடோவிலும் முதற்பாடம் விழுவதே. அதற்கு உகேமி என்று பெயர். அதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, தலையைக் காத்தல். பின்னால் விழும்போது தாடையை மார்போடு சேர்த்து, பார்வையை இடுப்புக் கச்சையில் வைக்க வேண்டும். அப்போது பின்தலை தரையைத் தொடாது.

இரண்டாவது, கையை ஊன்றாதிருத்தல். விழுகிறவன் இயல்பாகவே கையை நீட்டி ஊன்றுவான். மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் இதனாலேயே. மாறாக, முதுகை உருட்டி, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து தரையில் அறையும்படி விழவேண்டும். அடியின் வேகம் ஓரிடத்தில் தங்காமல் பரவிப்போகும். மூச்சையும் அடக்காமல் வெளியே விட வேண்டும்.

மூன்றாவது, வீழ்த்துகிறவனின் பொறுப்பு. நல்ல ஜூடோ மாணவன், தான் வீழ்த்தியவனின் சட்டைக்கையைக் கடைசிவரை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பான். வீழ்ந்தவனின் தலை மோதாதிருக்கவே அப்படிச் செய்கிறான்.

இப்பாடத்தை அவசரப்படுத்தினால் விளைவு கொடியது. 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில், ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ பயிற்சியின்போது நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர். தலைக்காயமே முக்கியக் காரணம். அவர்களில் அநேகர் புதிதாகச் சேர்ந்தவர்கள்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்குமுன் ஆசிரியரிடம், "முதலில் எதைக் கற்பிப்பீர்கள்?" என்று கேளுங்கள். படுத்த நிலையிலும், பிறகு குந்திய நிலையிலும், பிறகு நின்ற நிலையிலும் விழப் பழக்கி, அதற்குப் பின்பே வீழ்த்த அனுமதிக்கிறவர் நல்ல ஆசிரியர்.

தலையில் அடிபட்டால் அன்று மீண்டும் பயிற்சிக்கு இறங்கவே கூடாது. வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்பமுடியாத தூக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கழுத்தில் வலி இருந்தால் கையைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள். அசைக்காமல் உதவிக்கு ஆள் அழையுங்கள். முதல் அடி ஆறுமுன் தலையில் விழும் இரண்டாம் அடி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்தப் பையனின் தகப்பனாரையும் பிறகு சந்தித்தேன். கட்டட வேலை செய்து, வயிற்றைக் கட்டி மகனுக்குக் கட்டணம் செலுத்துகிறவர். "நீதிமான் ஏழுமுறை விழுந்தும் எழுவான் என்று நீங்கள்தானே பிரசங்கித்தீர்கள், ஐயா?" என்று வருத்தத்தோடு கேட்டார். "ஆம் சகோதரனே. நீதிமொழிகள் 24-ஆம் அதிகாரத்தில் அப்படி இருக்கிறது. ஆனால் எத்தனை நிமிடத்தில் எழவேண்டும் என்று அங்கே எழுதப்படவில்லையே" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு மகனின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மருத்துவர் அனுமதித்த பின்பு சிறுவன் மீண்டும் பயிற்சிக்குச் சென்றான். குந்திய நிலையில் விழுவதிலிருந்து மறுபடியும் தொடங்கினான். முதல்நாள் தகப்பனாரும் வேலைக்கு விடுப்பு எடுத்து உடன் சென்றிருந்தார்.

அருமையானவர்களே, உங்கள் பிள்ளை விழுந்து வீடு திரும்பும்போது, "உடனே எழுந்தாயா?" என்று கேளாதீர்கள். "எங்கே அடிபட்டது?" என்று கேளுங்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் வலியை மறைக்கமாட்டார்கள்.