சாட்சிக் கூண்டில் மட்டும் முகம் மறப்பதேன்?

கொங்கு நாட்டில் ஆளை அடையாளம் காண்பதில் சாதி இந்துக்களை யாரும் மிஞ்ச முடியாது. பண்ணையத்தில் சாணி அள்ளிய பையன் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றாலும் தோட்டத்துக்காரர் கண் பிடித்துவிடும். தெரியாத முகமா? மூணே கேள்வி. "எந்தூருங்க? ஊர்ல எந்தப் பக்கமுங்க? யாரு பையன் நீ?" மூணாவது கேள்வியில் 'ங்க' கழன்று விழுந்திருக்கும்.

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் இதே கண்தான் வேலை செய்தது. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், பொறியியல் படித்த தலித் இளைஞர். கூடப் படித்த கவுண்டர் சாதிப் பெண்ணோடு கோயிலில் இருந்தார். அவ்வளவுதான். ஒரு கும்பல் அவரைப் பிரித்துக் கொண்டுபோனது. மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார்.

கோயில் கேமராவில் முகங்கள் பதிவாகியிருந்தன. ஆனால் கோர்ட்டுக்கு வந்ததும் சாட்சிகள் பலருக்குக் கண் மங்கிவிட்டது. 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அந்தப் பெண்ணுக்கே படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதில் இருப்பது நானில்லை என்றார். தன் முகத்தையே தெரியாதென்று சொல்ல வைக்கிற பயம் எப்பேர்ப்பட்டது! அவரைத் திட்டி என்ன பிரயோசனம்? அந்தப் பயத்தை உண்டாக்கிய சாதியைக் கேளுங்கள். பிறழ்ந்த சாட்சிகளையும் மீறித்தான் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது.

இதே மண்ணில் இன்னொரு பெண்ணையும் பார்த்தோம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் கணவர் சங்கரை வெட்டிச் சாய்த்தபோது கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். பெற்றவர்களுக்கு எதிராகவே கூண்டேறிச் சாட்சி சொன்னார். 2020இல் அவர் தகப்பனை உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. கண்டதைக் கண்டபடி சொன்னவருக்கு மிஞ்சியது அதுதான்.

தோழர்களே, ஞாபகசக்தி எல்லோருக்கும் இருக்கிறது. யாருக்கு எதிராகச் சொல்கிறோம் என்பதில்தான் நாக்கு தடுக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சாட்சிக்குப் பாதுகாப்பு, பயணச் செலவு, தேவைப்பட்டால் வேறிடத்தில் குடியமர்த்தல் எல்லாம் அரசின் கடமை என்கிறது. எத்தனை சாட்சிகளுக்கு இது தெரியும்? கொலை நடந்ததும் மறியலுக்கு ஓடுகிறோம். ரைட்டு. கேஸ் நடக்கிற ஏழெட்டு வருசமும் சாட்சி வீட்டுக்கு யார் போகிறார்கள்? மாணவர்கள் முதலில் இந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சியோடு சேர்ந்து மனு எழுதுங்கள். வாய்தாவுக்கு வாய்தா கூடவே போங்கள்.